மேஜர் பரமேஸ்வரனின் படத்தை மறுபடியும் சுவரில் மாட்டுங்கள்

பள்ளி நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் பழைய மாணவர் சந்திப்புக்காகப் பள்ளிக்கு வந்திருந்தேன். மாடிப்படியின் முதல் திருப்பத்தில் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதற்குக் கீழே, சுற்றியிருந்த சுவரைவிட வெளுப்பாக ஒரு செவ்வகம் இருந்தது. 1999 நவம்பர் 25 அன்று நாங்கள் மாட்டிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் படம் இல்லை.

அலுவலகத்தில் விசாரித்தேன். வெள்ளையடிக்கக் கழற்றியதாகச் சொன்னார்கள். எந்தச் சுவரிலும் புதுச் சுண்ணாம்பைக் காணோமே என்று கேட்ட பிறகு, குழுவின் தீர்மான நகலை எடுத்துக் காட்டினார்கள். இரு தரப்பினரின் உணர்வுகளையும் மதித்து, சர்ச்சைக்குரிய அந்தப் படத்தை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் பொதுவான ஓர் இயற்கைக் காட்சிப் படத்தை வைப்பது என்று அதில் எழுதியிருந்தது. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

படம் இப்போது எங்கே இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அதனால் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுச் சாமான் அறையில், மைதானத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைக்கும் கிழிந்த வாலிபால் வலைக்கும் நடுவில், முகம் சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைத்திருக்கிறார்கள். சட்டத்தின் இடது கீழ் மூலை விட்டுப்போயிருக்கிறது. கண்ணாடிக்குள் ராமபாணப் பூச்சி புகுந்து, தோள்பட்டைப் பக்கம் காகிதத்தை அரித்திருக்கிறது. என் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முகம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

33 வருடம் இந்தப் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். அந்தப் படத்தை வைக்கலாம் என்று முதலில் சொன்னவளும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் கழற்றியது யாருடைய படம் என்பதைப் பார்ப்போம். தீர்மானத்தில் அவர் பெயர்கூட இல்லை. 'சர்ச்சைக்குரிய படம்' என்று மட்டும்தான் இருக்கிறது.

ராமசாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அங்கேயே பள்ளிப் படிப்பு, கல்லூரியில் அறிவியல் பட்டம். பிறகு சென்னைக்கு வந்து பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி பெற்று, 1972 ஜூனில் மஹார் ரெஜிமென்ட்டின் 15ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். இந்த ரெஜிமென்ட்டைப் பற்றி ஒவ்வொரு வகுப்பிலும் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பேசியிருக்கிறேன். 'படைக்கு லாயக்கான இனங்கள்' என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர்கள் மராட்டியத் தலித் சமூகமான மஹார்களைப் படையில் சேர்க்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அம்பேத்கர் போன்றவர்கள் விடாமல் வாதாடினார்கள். 1941இல் தனி ரெஜிமென்ட் உருவானது. அம்பேத்கரின் அப்பாவே ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பம்பாய்த் தமிழர் ஒருவர் மராட்டியத் தலித் வீரர்களோடு ஒரே பதுங்குகுழியில் படுத்து எழுந்து, மிசோரத்திலும் திரிபுராவிலும் வேலை பார்த்து, அவர்கள் வாயால் 'பேரி சாகிப்' என்று செல்லப் பெயரும் வாங்கியிருக்கிறார். இன்று வரை அந்த ரெஜிமென்ட்டுக்குக் கிடைத்திருக்கும் ஒரே பரம் வீர் சக்ரா, அதாவது போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருது, அவருடையதுதான்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியது. பரமேஸ்வரன் 8ஆவது மஹார் பட்டாலியனோடு போனார். போன புதிதில் அந்த மக்கள் படைக்கு மாலை போட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. செப்டம்பர் 26 அன்று விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5 அன்று குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 புலிகள் பலாலியில் சயனைடு கடித்து உயிர்விட்டார்கள். அக்டோபர் 10ஆம் தேதிவாக்கில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் நேரடிப் போர் மூண்டது. ஒரே இரவில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் செத்துப்போனார்கள். காக்கப் போனதாகச் சொன்ன படை, அதே மக்கள் மேல் குண்டு போட்டது.

இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டமாட்டேன். நீங்கள் தீர்மானம் போட்டதே இதனால்தான் என்று எனக்குத் தெரியும். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் ஊழியர்களும் இந்தியப் படையின் துப்பாக்கிக்கு இரையானார்கள். இருபக்கச் சண்டையில் சிக்கியவர்கள் என்பது ராணுவத்தின் விளக்கம். பிணங்களுக்கு நடுவே பிணம்போலப் படுத்து உயிர்தப்பிய ஊழியர்கள் சொன்னது வேறு. கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்த குழந்தை மருத்துவர் ஒருவரைச் சுட்டதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் அவர்களை நம்புகிறேன். வகுப்பிலும் அப்படித்தான் சொன்னேன், இந்தப் படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

அது நடந்து ஒரு மாதம் கழித்து, நவம்பர் 25 இரவில், கந்தரோடைப் பக்கம் ஆயுதம் தேடிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது பரமேஸ்வரனின் குழு. சின்னச் சின்னத் தூபிகள் கூட்டமாக நிற்கும் பழைய ஊர் அது. தமிழர் பௌத்தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பெயரை நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அங்கே புலிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். பரமேஸ்வரன் சிலரை அழைத்துக்கொண்டு சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து பாய்ந்தார். கைகலப்பில் ஒருவன் அவர் நெஞ்சில் சுட்டான். சுட்டவன் கையிலிருந்த துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டுவிட்டு, கீழே விழுந்த பிறகும் தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே இறந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் செத்தார்கள். பரமேஸ்வரனுக்கு அப்போது 41 வயது.

அந்த ஐந்து பேரும் தமிழர்கள். பரமேஸ்வரனும் தமிழர். 'அவர் கடைசியாகக் காதில் கேட்ட அதட்டலும் அலறலும் எந்த மொழியில் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்' என்று பிள்ளைகளிடம் சொல்லுவேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். எந்தப் பாடப் புத்தகத்தாலும் எனக்கு அந்த அமைதி கிடைத்ததில்லை.

சரி, அந்தப் படம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குழுவில் இப்போது இருக்கிற யாரும் அப்போது இல்லை.

1999 கார்கில் போர் நடந்த வருடம். ஊரெல்லாம் வீரர்கள் படம் மாட்டினார்கள். நம் தலைமையாசிரியருக்கும் ஒரு படம் வைக்க ஆசை. ஆசிரியர் அறையில் பேச்சு வந்தபோது நான் பரமேஸ்வரன் பெயரைச் சொன்னேன். அப்போதே இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். அமைதிப்படையை இங்கே கொண்டாடலாமா என்று கேட்டார்கள். கொண்டாட இல்லை, பிள்ளைகள் கேள்வி கேட்க என்றேன். வாக்குவாதம் மணியடிக்கும் வரை போனது. அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த ஓவிய ஆசிரியர், 'நான் வரைகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவரிடம் இருந்தது செய்தித்தாளில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம், தீப்பெட்டி அளவு. சாம்பல் நிறத்தைப் பார்த்துச் சீருடையின் பச்சையை எப்படிக் கண்டுபிடிப்பது? என் அண்ணன் ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். 1987 முதல் 1990 வரை அவரும் இலங்கையில் இருந்தார். அவருடைய பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார் ஓவிய ஆசிரியர். காலர் பிய்ந்து, துவைத்துத் துவைத்து நிறம் இறங்கிய சட்டை அது. அதை ஓவிய அறை ஜன்னலோரம் நாற்காலியில் விரித்துப் போட்டு, காலை 10 மணி வெளிச்சத்தில் ஒரு தடவை, சாயங்காலம் 4 மணி வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தார். போஸ்டர் கலரைக் கிண்ணத்தில் குழைத்து, ஒரு சொட்டைத் துணி மேலேயே வைத்து, ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார். அந்தப் பச்சைக் கறை இன்னமும் சட்டையின் உள் மடிப்பில் இருக்கிறது. சட்டை என்னிடம் இருக்கிறது.

படம் முடியும் நேரத்தில் யாரோ, 'நெஞ்சில் பரம் வீர் சக்ராவைப் போட்டுவிடுங்கள், சார், அப்போதுதான் எடுப்பாக இருக்கும்' என்றார்கள். ஓவிய ஆசிரியர் மறுத்துவிட்டார். 'அந்தப் பதக்கத்தை அவர் கண்ணால் பார்க்கவே இல்லையே. பார்க்காததை அவர் நெஞ்சில் குத்த எனக்கு மனசு வரவில்லை' என்றார். அதனால் நம் படத்தில் அவர் பதக்கம் இல்லாமல்தான் இருக்கிறார். வருகிற பெற்றோர் பலரும், 'பெரிய விருது வாங்கியவர் என்கிறீர்கள், பதக்கத்தைக் காணோமே' என்று கேட்பார்கள். அதைச் சாக்காக வைத்தே நான் பாடம் நடத்தியிருக்கிறேன். வெண்கல வட்டம், நடுவில் அரசு முத்திரை, அதைச் சுற்றி நான்கு வஜ்ராயுதம், ஊதா ரிப்பன். வரைந்தவர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த சாவித்திரி கானோல்கர். இதுவரை அதைப் பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேருக்கு இறந்த பிறகுதான் கிடைத்தது. இவ்வளவையும் பதக்கம் இல்லாத ஒரு நெஞ்சைக் காட்டிக்கொண்டே சொல்லலாம்.

அந்த ஓவிய ஆசிரியர் இப்போது இல்லை. பள்ளிக்காக அவர் வரைந்த படங்களில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பூச்சி அரித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

படத்தில் ஒரு குறை உண்டு. அதில் எனக்கும் பங்கிருக்கிறது. கீழே உள்ள பெயர்ப் பலகையில் 'தாய்நாட்டுக்காக இன்னுயிர் நீத்த மாவீரர்' என்று எழுதி, தேதியைப் போட்டோம். எந்த ஊரில், எந்தப் போரில், யாரோடு நடந்த சண்டையில் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆட்சேபம் சொன்ன இரண்டு பேரைச் சமாதானப்படுத்த 'இலங்கை' என்ற சொல்லையே விட்டுவிட்டோம். அன்று அது எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. இன்று நீங்கள் செய்திருப்பதன் முதல் படியை அன்றைக்கே நாங்கள் வைத்துவிட்டோம் என்று இப்போது புரிகிறது.

அந்தக் குறையை எனக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி. 2004இல் ஒன்பதாம் வகுப்பு. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து பஸ்ஸில் வருவாள். வகுப்பில் நம்மைப்போலவே பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் வந்துவிடும். ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, படத்தைக் காட்டி, 'டீச்சர், இந்த ஆமிதானே எங்கட அம்மம்மாவைச் சாகடிச்சது?' என்று கேட்டாள்.

எனக்கு வாயடைத்துப்போனது. 'இவர் இல்லை' என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவள் கேட்டது இவரை இல்லை, ஆமியை. அவளுடைய அம்மம்மா 1987 அக்டோபரில் யாழ்ப்பாண நகரத்தில் ஷெல் விழுந்து இறந்தவர். யார் அனுப்பிய ஷெல் என்பதில் அந்த வீட்டுக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வாரம் முழுக்க அந்த வகுப்பில் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒரு நாள் என் அண்ணனை வரச் சொன்னேன். பலாலியில் அடிபட்டவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்புவதுதான் அவர் வேலை. தன் படையின் பையன்களுக்கும் கட்டுப் போட்டிருக்கிறார், ஊர்க்காரர்களுக்கும் போட்டிருக்கிறார். அங்கே ஒரு கிழவி, கட்டுப் போடும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'தம்பி, நீங்கள் எங்கட ஆக்கள் எண்டுதானே நினைச்சனாங்கள்' என்றாராம். அண்ணன் அதைச் சொல்லும்போது நாற்பது பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டார். எங்கள் வீட்டில் அவர் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படைகளோடு கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர் அவர். அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதில் ஒரு நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்ததையும் நான் பார்த்தேன். இரண்டும் என் மனதில் அப்படியே இருக்கின்றன, ஒன்றை ஒன்று அழிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அந்த மாணவி ஒரு நோட்டுத் தாளில் மூன்று வரி எழுதிக் கொண்டுவந்தாள். 'இந்த ஐயா செத்த அதே வருசம் என்ர அம்மம்மாவும் செத்தவ. அவவுக்கு ஆமி இல்லை, துவக்கு இல்லை. அவவுக்குப் படமும் இல்லை.' அதைப் படத்துக்குக் கீழே ஒட்டினேன். ஒரு மாதம் போல இருந்தது. போகிற பிள்ளைகள் எல்லாரும் நின்று படித்தார்கள். ஒருத்தரும் கிழிக்கவில்லை. அப்புறம் டேப் விட்டுப்போய் விழ ஆரம்பித்ததும் எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

படத்தைக் கழற்றியது தெரிந்ததும் அவளுக்குத்தான் முதலில் போன் செய்தேன். இப்போது ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கிறாள். 'கழட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ டீச்சர். அந்தப் படம் அங்க இல்லாட்டி நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டன்' என்றாள். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். இரு தரப்பு உணர்வுகள் என்று தீர்மானத்தில் எழுதினீர்கள். அந்த இன்னொரு தரப்பில் ஒருத்தரிடமாவது கேட்டீர்களா?

உங்களுக்கு வந்த நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பெற்றோர், 'தமிழனைக் கொன்ற படையின் அதிகாரிக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன படம்' என்று கேட்டார். குழு உறுப்பினர் ஒருவர், 'படம் இருக்கட்டும், ஆனால் மருத்துவமனை, ஷெல் என்று டீச்சர்கள் யாரும் பிள்ளைகளிடம் பேசக் கூடாது, ராணுவத்தைக் கேவலப்படுத்தக் கூடாது' என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சாமான் அறையில் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். அந்தப் பெற்றோரின் கோபம் நியாயமானது. அவர் சொன்ன தீர்வு தவறு. உறுப்பினருக்கு ராணுவத்தின் மேலிருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் செத்தவர்களின் கணக்கை மறைத்துத்தான் அந்த மரியாதையைக் காப்பாற்ற முடியும் என்றால், என் அண்ணனே அதை வேண்டாம் என்பார்.

கொழும்புக்குப் பக்கத்தில், நாடாளுமன்றம் இருக்கிற ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில், அமைதிப்படையில் இறந்த இந்திய வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2008இல் கட்டினார்கள். 1,100க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தத் தீவில் இறந்தார்கள். அந்தப் படை வெளியேற வேண்டும் என்று 1989இல் அதிபர் பிரேமதாசா பிடிவாதம் பிடித்த அதே நாடு, அவர்கள் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் வந்ததே 2019இல்தான். அங்கே பரமேஸ்வரனுக்கு வெண்கலத்தில் மார்பளவு சிலை உண்டு. சென்னை சாலிகிராமத்தில் ராணுவக் குடும்பங்களின் குடியிருப்பு ஒன்றுக்கு அவர் பெயர். 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கே அவர் பெயரை வைத்தார்கள். அந்தத் தீவுக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்? நம் மாடிப்படியில் ஒரு நாளைக்கு 800 பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள்.

சர்ச்சை வேண்டாம் என்கிறீர்கள். வரலாற்றில் சர்ச்சை இல்லாத பக்கத்தை மட்டும் நடத்துவதென்றால் ஒரு பருவத்துக்குக்கூடப் பாடம் தேறாது. அந்த இடத்தில் அருவிப் படம் வைத்தால் எந்தப் பிள்ளையும் நின்று எதையும் கேட்காது. முகாமிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் இன்றும் நம் பள்ளியில் இருக்கிறார்கள். அப்பா ராணுவத்தில் இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இவர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்ள நம்மிடம் இருந்த ஒரே இடம் அந்தச் சுவர்தான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இவை.

தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். ரத்து செய்ததை, படத்தைக் கழற்றியபோது செய்ததுபோலச் சத்தமில்லாமல் செய்யாமல், காலை வணக்கக் கூட்டத்தில் அறிவியுங்கள். வருகிற நவம்பர் 25க்கு முன்னால் படம் பழைய ஆணியிலேயே தொங்க வேண்டும்.

பழைய பெயர்ப் பலகையை எடுத்துவிடுங்கள். புதிதாக எழுதும்போது அவர் பிறந்த ஊர், படித்த இடம், மஹார் ரெஜிமென்ட், இலங்கை உள்நாட்டுப் போர், யாழ்ப்பாணம், விடுதலைப் புலிகளோடு நடந்த சண்டை என்று எல்லாவற்றையும் அதனதன் பெயரிலேயே போடுங்கள். அதற்குக் கீழே, அந்தப் போரில் இந்தியப் படையால் ஈழத் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டதையும், 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நடந்ததையும் எழுதுங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். ஆட்சேபித்த பெற்றோரும் அந்தக் குழு உறுப்பினரும் அதைப் படித்துத் திருத்தம் சொல்லட்டும். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறேன். நாளையும் நேரத்தையும் நீங்கள் குறியுங்கள்.

அந்த மாணவியின் தாளுக்கும் ஒரு சட்டம் போட்டு, படத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் மாட்டுங்கள். மூலத் தாள் என்னிடம் இருக்கிறது. அவள் தருவதற்குச் சம்மதித்திருக்கிறாள். பெயர் மட்டும் போட வேண்டாம் என்றாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு வருடத்தில் இரண்டு பாடவேளையை இந்தப் படத்துக்காக ஒதுக்குங்கள். அதில் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று ஆசிரியர்களுக்கு வாய்மொழியாகச் சொன்ன கட்டுப்பாட்டை விலக்கிக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதையாவது செய்ய முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இரண்டு வாரம் காத்திருப்பேன். அதற்குப் பிறகு பழைய மாணவர்களிடமும் முகாம் பெற்றோர்களிடமும் ராணுவக் குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரில் வருவேன்.

கடைசியாக ஒன்று, இதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம். படத்தைச் சாமான் அறையிலிருந்து எடுத்து, நூலகத்தில் காய்ந்த இடமாகப் பார்த்து வையுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள், அது போஸ்டர் கலர், கரைந்துவிடும். தோள்பட்டைப் பக்கம் அரித்துப்போன இடத்தைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள். நிறம் பார்க்க அண்ணனின் சட்டையை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை